பட்டை வாளும் நேர் அறுப்பும்

(இளம் அறிவியல் – இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

பொட்டிபுரத்திலிருந்து போடிநாயக்கனூருக்கு வரும் வழியில் ஒரு மர அறுவை மில் இருக்கிறது. என் தாய்மாமா அங்கே இருபது ஆண்டுகளாக வாள் மேஸ்திரி. கோடை விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்னுடையது. சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவதே என் வழக்கம். சென்ற ஆண்டுதான் அந்த இயந்திரத்தின் முன்னே ஒரு நாள் முழுதும் நிற்க நேர்ந்தது.

மலை மேல் உள்ள ஓர் ஏலத்தோட்டத்திலிருந்து, காய் உலர்த்தும் ஸ்டோருக்காக ரீப்பர் கேட்டிருந்தார்கள். ரீப்பர்களைச் சட்டமாகச் சேர்த்து, கம்பிவலை அடித்துத் தட்டுகளாக்கி, அலமாரி போன்ற அடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவார்கள். ரீப்பர் வளைந்திருந்தால் தட்டு உள்ளே போகாது; போனாலும் வெளியே வராது. இந்த மில் அனுப்பிய ரீப்பர்கள் பாம்பு போல் நெளிந்திருந்தன என்று கூறி லாரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழி எல்லாம் மரத்தைத் தள்ளிக்கொடுத்த பையன் தலையில் விழுந்தது. அவனுக்கு இரண்டு நாள் கூலி பிடித்தமும் ஆயிற்று. மாமா மட்டும், "பையன் கையில ஒண்ணுமில்ல மாப்ளே, மிஷினைப் பாக்கணும்" என்றார்.

வாள் நேராக ஓடுவதில் அப்படி என்ன இலாப நட்டம் என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 மி.மீ. அகலமுள்ள கட்டையிலிருந்து 12 மி.மீ. பலகைகள் எடுக்க வேண்டும். வட்ட வாள் ஒவ்வோர் அறுப்பிலும் 5 மி.மீ. மரத்தைத் தூளாக்கும் என்று கொண்டால் 17 பலகைகள் கிடைக்கும். பட்டை வாளின் தடம் 2 மி.மீ. மட்டுமே, அதில் 21 பலகைகள் கிடைக்கும். நான்கு பலகைகள் மிச்சம். ஆனால் அறுப்பு நெளிந்தால் இழைப்புளியால் சீவிச் சமன் செய்ய ஒவ்வொரு பலகைக்கும் 2 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். அப்போது கிடைப்பவை 18 தான்! நான்கில் மூன்று போய்விட்டன. உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 12 ஆணைக்குப் பிறகு காட்டு மரம் வெட்டுவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. இந்த மில்லுக்கு வருபவை தோப்பு மாமரமும், தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக்கும்தாம். பருத்த மரங்கள் அரிது. ஒரு பலகைகூட வீணாவது உறுத்தும்.

மில்லில் 'பேண்ட்சா' என்று சொல்லப்படும் இந்த இயந்திரம் பார்ப்பதற்கு எளிது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1809-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பட்டையின் இணைப்பு நிலைக்காததால் அது பயனுக்கு வரவில்லை. 1846-இல் ஆன் போலின் கிரெப்பன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, பட்டையை அறுந்து போகாதபடி பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரிய பின்னரே இது பட்டறைகளுக்குள் நுழைந்தது. ஏன் அவ்வளவு சிரமம்? மில்லின் சக்கரம் 900 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 600 சுற்று. பட்டையின் வேகம் விநாடிக்கு 28 மீட்டர். ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அந்தப் பட்டை, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 35,000 முறை வளைந்து நிமிர்கிறது. 0.9 மி.மீ. தடிமனுள்ள எஃகு அச்சக்கரத்தில் வளையும்போது, வளைவினால் மட்டுமே சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் தகைவு உண்டாகிறது. பட்டையின் தடிமன் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மேஸ்திரிகள் சொல்வதன் பொருள் இதுவே.

மாமா முதலில் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூசையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சக்கரங்களைப் பார்த்தார். கீழ்ச்சக்கரத்தின் விளிம்பில் மாம்பிசினும் மரத்தூளும் சேர்ந்து ஓரிடத்தில் மேடாக இறுகியிருந்தன. பட்டை அந்த மேட்டைக் கடக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் துள்ளும். அதைச் சுரண்டித் துடைத்தோம். அடுத்து, மேல் கீழ் விளிம்புகள் இரண்டையும் தொடும்படி நூலை இழுத்துப் பிடித்து, இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தோம். அது சரியாகவே இருந்தது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இல்லை. நடுவில் இலேசாகப் புடைத்திருக்கிறது. புடைப்பின் மேல் ஓடும் பட்டை சரிந்து விழுந்துவிடாதா என்று கேட்டேன். மாமா சிரித்தார். உண்மை நேர் எதிரானது. சரிவில் கிடக்கும் பட்டையின் ஒரு விளிம்பு பெரிய விட்டத்தின் மேலும் மறு விளிம்பு சிறிய விட்டத்தின் மேலும் படிகிறது. பெரிய விட்டத்துப் பக்கம் அதிகமாக இழுபடுவதால், சக்கரத்தை நோக்கி வரும் பட்டை சற்றே கோணலாகி மேட்டுப் பக்கம் திரும்புகிறது. அடுத்து வரும் பகுதி முந்தியதைவிட ஒரு மயிரிழை மேலே படியும். இப்படி ஏறி ஏறி உச்சியில் வந்து நிற்கும். பழைய அரிசி ஆலைகளில் தோல் பெல்ட் ஓடிய கப்பிகளும் இவ்வாறே நடு உயர்ந்தவை. பெரிய மரங்களை அறுக்கும் அகலப் பட்டை இயந்திரங்களில் அமைப்பு வேறு; அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

மேல்சக்கரத்தைச் சாய்க்க ஒரு திருகு உண்டு. சக்கரத்தின் தலையைப் பின்புறம் சாய்த்தால் பட்டை பின்னால் நகரும். முன்புறம் சாய்த்தால் முன்னால் வரும். கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கால் திருகு, அரைத் திருகாகத் திருப்பி, பட்டை ஒரே இடத்தில் ஓடும்வரை பார்க்க வேண்டும். இதைச் செய்யுமுன் கைடுகள் எல்லாவற்றையும் பட்டையை விட்டு விலக்கிவிட வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கைடு பட்டையைத் தள்ளிப் பிடித்திருக்கையில் சக்கரத்தைத் திருத்துவது, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு எடை பார்ப்பது போன்றது.

இழுவை போதுமா என்று அறிய மாமா பட்டையை விரலால் சுண்டினார். வீணைத் தந்திபோல் அது முனகிற்று. நம் ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டரில் செய்வதும் இதுதானே! சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் இழுவையில் எஃகுப் பட்டையில் அலை விநாடிக்கு 113 மீட்டர் செல்லும், 60 செ.மீ. பகுதிக்கு அதிர்வெண் சுமார் 94. ஆனால் இழுவை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரு மடங்காகும். ஆகவே காது ஒரு நல்ல அளவுகோல் என்று சொல்ல மாட்டேன். நேற்றைய ஒலிக்கு இன்றையது தாழ்ந்திருக்கிறதா என்று ஒப்பிட மட்டுமே உதவும். இழுவை குறைந்த பட்டை, தடித்த மரத்துக்குள் பீப்பாய்போல் வயிறு தள்ளி ஓடும்.

மேசை, பட்டைக்குச் செங்குத்தா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். பக்கக் கைடுகளைத் தாள் கனம் இடைவெளி விட்டு, பற்களின் குழிக்குப் பின்னால் நிறுத்தினோம். பல்லைத் தொட்டால் கைடு பல்லைத் தின்றுவிடும். பின்கைடு, மரம் அழுத்தும்போது மட்டுமே பட்டையைத் தொட வேண்டும். மேல் கைடு மரத்துக்கு வெகு அருகில் இறங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து ஃபியூசைப் போட்டு ஒரு பலகையை அறுத்தோம். வழிகாட்டிச் சட்டத்தை எடுத்துவிட்டு, பலகையில் கோடு கிழித்து, கோட்டைப் பின்பற்றிக் கையாலேயே தள்ளினார் மாமா. கோடு நேராக அறுபட்டது; ஆனால் பலகையைச் சாய்த்துப் பிடித்தால்தான் அப்படி அறுபட்டது. நிறுத்தி அளந்தால் 300 மி.மீ.க்கு 5 மி.மீ. சாய்வு. கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி. வாள் இடப்புறம் போக விரும்புகிறது. வழிகாட்டிச் சட்டம் நேரே போகச் சொல்கிறது. பட்டை கொஞ்ச தூரம் வளைந்து கொடுத்து, பிறகு திமிறித் திரும்புகிறது. ரீப்பரில் கண்ட நெளிவு அதுதான்.

சட்டத்தையே ஒரு டிகிரி திருப்பி வைத்து வேலையை முடிக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவதாகப் படுகிறது. மாமா வேறு பட்டையை மாட்டினார். சாய்வு மறைந்தது! ஆகவே குற்றம் சக்கரத்தில் இல்லை, பழைய பட்டையில்தான். அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாக வளைத்திருப்பார்கள். வலப்புறம் சாய்ந்த பற்களின் முனைகள் மட்டும் வெள்ளையாக மின்னின. மழுங்கிய முனைதான் மின்னும். குப்பையில் கிடந்த ஒரு மாங்கட்டையில், யாரோ எக்காலத்திலோ ஏதோ கட்ட அடித்த ஆணி புதைந்திருந்தது. பட்டையின் வலப்பக்கம் அதை உரசிச் சென்றிருக்கிறது. வலப்பல் வெட்டாமல் இடப்பல் மட்டும் வெட்ட, வாள் இடப்புறம் ஓடியிருக்கிறது.

மாமா அந்த ஆணியைப் பிடுங்கிக் கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தார். அதிகம் பேசவில்லை. சனிக்கிழமை பையனுக்குப் பிடித்த கூலி திரும்ப வந்தது.

அன்று மாலை புதிய ரீப்பர்களை அடுக்கிவிட்டு, மேல்சக்கரத்தின் இழுவையைத் தளர்த்தினார். ஏன் என்று கேட்டேன். ஓடிய பட்டை சூடாக இருக்கும். 20 டிகிரி குளிர்ந்தால் ஆறு மீட்டர்ப் பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். கட்டியபடியே விட்டால் இரவு முழுதும் அச்சும் தாங்கிகளும் அந்த இழுவையைச் சுமக்க வேண்டும். மறுநாள் காலை திரும்ப முறுக்கி, ஒரு முறை சுண்டிக் கேட்டுவிட்டுத்தான் அவர் சுவிட்சைத் தொட்டார்.