'நேவல் கிரானிக்கிள்' இதழில் தேடுவது எப்படி?

லண்டனிலிருந்து 1799 முதல் 1818 வரை மாதந்தோறும் வெளிவந்த 'நேவல் கிரானிக்கிள்', நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையை ஆராய்பவர் முதலில் புரட்ட வேண்டிய இதழ். போர்க்கடிதங்கள், பதவி உயர்வுகள், நீதி விசாரணைகள், மரண அறிவிப்புகள், கடற்கரைக் குறிப்புகள் எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன.

முதலில் தொகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு வீதம் மொத்தம் 40 தொகுதிகள். ஆண்டிலிருந்து 1799-ஐக் கழித்து, வருவதை இரண்டால் பெருக்கி, முதல் அரையாண்டானால் 1, அடுத்த அரையாண்டானால் 2 கூட்டினால் தொகுதி எண் கிடைக்கும். 1805 அக்டோபர் 21-இல் நடந்த டிரஃபால்கர் போருக்கு 14. அதோடு நிறுத்தக் கூடாது. அந்தப் போரின் செய்தியே நவம்பர் 6-இல்தான் லண்டனை எட்டியது. இந்தியப் பெருங்கடல் செய்திகளுக்கு மாதக்கணக்காகும். அடுத்த ஒன்றிரண்டு தொகுதிகளையும் பார்க்க வேண்டும்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினித் தேடலில் ஒரு சொல் அகப்படவில்லை என்றால் அது இதழில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பழைய அச்செழுத்தைக் கணினி தவறாகப் படிப்பதுண்டு. தொகுதியின் பின்னுள்ள சொல்லடைவே நம்பகமானது.

அடுத்தது கப்பலை உறுதிசெய்வது. பெயரை மட்டும் நம்பினால் குழப்பம் நிச்சயம். டிரஃபால்கரில் 'ஸ்விஃப்ட்ஷுர்', 'அஷீல்', 'நெப்டியூன்' என்ற பெயர்கள் பிரிட்டன், பிரான்ஸ் இரு தரப்பிலும் இருந்தன. பிரெஞ்சு 'ஸ்விஃப்ட்ஷுர்' 1801-இல் ஆங்கிலேயரிடமிருந்து பிடிக்கப்பட்ட கப்பல். பெயருடன் கேப்டன், பீரங்கி எண்ணிக்கை, கொடி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேதிதான் பலரும் சறுக்கும் இடம். நிகழ்ந்த நாள், கடிதம் எழுதிய நாள், அச்சான மாதம் மூன்றையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். டிரஃபால்கர் பற்றிய பிரிட்டிஷ் தளபதி காலிங்வுட்டின் கடிதம் அக்டோபர் 22 தேதியிட்டது. கப்பல் பதிவேட்டிலிருந்து எடுத்த பகுதியானால் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கப்பல் கணக்கில் நாள் முந்தைய நண்பகலிலேயே தொடங்கிவிடும். 21-ஆம் தேதிப் பிற்பகல் சண்டை 22-இன் கீழ் இருக்கும்.

வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போது தகவல் தந்தவர் யார் என்று கேட்க வேண்டும். 1800-இல் இதழில் வெளியான பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் வரலாற்றுக்கு அவரே குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவர் தம்மை எப்படிக் காட்ட விரும்பினார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. நடந்தவற்றுக்கு அது மட்டும் போதாது. மொரீஷியஸில் 1803 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரர் பிடியில் இருந்த கடலாய்வாளர் மேத்யூ ஃபிளின்டர்ஸ் பற்றிய கட்டுரை 32-ஆம் தொகுதியில் உள்ளது. அதை, 1814-இல் வெளிவந்த அவரது பயண நூலுடன் ஒப்பிட வேண்டும்.

கடைசியாக மூலத்துக்குப் போக வேண்டும். அரசுக் கடிதங்களை இதழ் பெரும்பாலும் அரசிதழான 'லண்டன் கெஜட்'டிலிருந்து எடுத்தே அச்சிட்டது. கெஜட்டிலேயே கடிதங்கள் சுருக்கப்பட்டு வந்ததுண்டு. லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், கடற்படை ஆவணங்களைக் குறிக்கும் 'ஏடிஎம்' வரிசைகளுள் 'ஏடிஎம் 1'-இல் கடிதங்களும், 'ஏடிஎம் 51'-இல் கேப்டன்களின் பதிவேடுகளும், 'ஏடிஎம் 52'-இல் கப்பலைச் செலுத்தும் பொறுப்பிலிருந்த மாஸ்டர்களின் பதிவேடுகளும் உள்ளன. 1818-க்குப் பிந்தைய கடலளவைப் பயணங்களுக்கு 1832-இல் தொடங்கிய 'நாட்டிக்கல் மேகஸின்' உதவும்.