மிம்பரும் மருத்துவமனையும்: எய்ட்ஸ் தடுப்பில் சமயத் தலைவர்களின் பங்கு

எய்ட்ஸ் நோயின் இந்திய வரலாறு நம் தமிழகத்திலேயே தொடங்குகின்றது. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இக்கிருமியைத் தேடும் ஆய்வினை ஒப்படைத்தார். சென்னையில் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுக்கப்பெற்ற இரத்த மாதிரிகளை அம்மாணவி இரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அவற்றுள் ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. அவ்வாண்டே சட்டமன்றத்தில் இச்செய்தி அறிவிக்கப்பட்டபோது பலர் நம்பவில்லை. ஒழுக்கத்திற்குப் பெயர் பெற்ற நம் நாட்டிற்கு மேலைநாட்டு நோய் எங்ஙனம் வரும் என்பதே அன்றைய வினாவாக இருந்தது. எல்லாச் சமயத்தாரும் இவ்வினாவை எழுப்பினர். நம்மவரும் அதற்கு விலக்கல்லர்.

இவ்வினாவிலேயே பின்னாளைய துன்பங்கள் பலவற்றின் வித்து அடங்கியிருந்தது எனலாம். நோயை ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொண்டுவிட்டால், நோயுற்றவர் ஒழுக்கம் தவறியவர் என்னும் முடிவு தானே வந்துவிடும். கணவன் ஒருவனையன்றி வேறொருவரை அறியாத மனைவிக்கும், தாயின் கருவிலிருந்து பிறந்த குழந்தைக்கும், சோதிக்கப்படாத இரத்தம் ஏற்றப்பட்டவருக்கும் அம்முடிவே பொருத்தப்பட்டது. 2003ஆம் ஆண்டில் கேரள மாநிலம் கொல்லம் மாவட்டத்தில் இக்கிருமியுடன் பிறந்த இரு சிறார்க்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அச்சிறார் செய்த பாவம் யாது?

தமிழ் பயிற்றுவிப்போர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. இந்நோய்க்குத் தமிழில் முதலில் வழங்கிய அடைமொழி 'உயிர்க்கொல்லி' என்பதாகும். சுவர் விளம்பரங்களில் மண்டையோட்டுப் படத்துடன் இச்சொல் எழுதப்பட்டது. அச்சுறுத்தினால் மக்கள் விலகி நடப்பர் என்று கருதினர். மக்கள் விலகியது நோயிலிருந்து அன்று, நோயாளியிடமிருந்து! 2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜா' விளம்பரம் வந்தது. அஃது அச்சத்தைக் குறைத்து ஆவலைத் தூண்டியது உண்மையே; ஆயினும் இளைஞர் வாயில் அது கேலிச் சொல்லாயிற்று. அச்சமும் கேலியும் செய்யவியலாத ஒன்றைச் செய்யக்கூடிய இடம் எது என்று தேடும்போதுதான் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் நம் நினைவுக்கு வருகின்றன.

காஞ்சிபுரத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் இடையே அமைந்த நம் ஐயம்பேட்டை நெசவாளர் ஊராகும். பட்டுத் தறியில் கூலி போதாமையால் இளைஞர் பலர் ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் வெளியூர்களுக்கும் செல்கின்றனர். ஊரை விட்டு நெடுநாள் பிரிந்திருப்போர் எந்நாட்டிலும் இந்நோய்க்கு எளிதில் இலக்காவர் என்பது மருத்துவர் கண்ட உண்மை. மருத்துவர் ஒருவர் ஊருக்கு வந்து ஒருமுறை சொற்பொழிவாற்றிச் செல்வார். இமாமோ ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை அதே மக்கள் முன் மிம்பரில் ஏறுகின்றார். நிக்காஹ் பதிவேடு ஜமாஅத்தின் கையில் உள்ளது. ஜனாஸாவும் அவர்கள் பொறுப்பே. குடும்பச் சண்டை முதலில் செல்வது காவல் நிலையத்திற்கன்று, முத்தவல்லியிடமே. கோர்வைப் பட்டில் உடலுக்கொரு நாடா, கரைக்கு வேறு நாடா; ஒருவரே தனித்தமர்ந்து அதனை நெய்துவிட இயலாது. மருத்துவத்தையும் சமயத்தையும் நாம் அவ்வாறே எண்ணிப் பார்க்கின்றோம்.

இம்முயற்சி வெற்றி பெற்ற இடம் உண்டா எனில், உண்டு. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டை முதலில் சொல்லவேண்டும். அங்கு முஸ்லிம் மருத்துவர்கள் 1988ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டே நாட்டின் தலைமை முஃப்தி எய்ட்ஸ் நோய்க்கு எதிராக ஜிஹாது அறிவித்தார். ஜிஹாது என்னும் சொல்லின் பொருள் 'பெருமுயற்சி' என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கிய நிகழ்ச்சி பிறிதொன்று இருக்குமா என்பது ஐயமே. 1992இல் இமாம்கள் வழியாகக் குடும்பங்களுக்குக் கல்வி புகட்டும் திட்டம் தொடங்கப்பெற்றது. மருத்துவர்கள் இமாம்களுக்குப் பயிற்சி தந்தனர். இமாம்கள் தத்தம் உதவியாளர்களோடு வீடுவீடாகச் சென்றனர். பெண்களிடம் பேசப் பெண்களே சென்றனர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் மதரஸாப் பிள்ளைகளுக்கும் இக்கல்வி விரிவாக்கப்பெற்றது. ஈராண்டு கழித்து அளந்து பார்த்தபோது மக்களின் அறிவும் நடத்தையும் மேம்பட்டிருந்தன. ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் அமைப்பு 1998இல் இத்திட்டத்தைச் சிறந்த முன்மாதிரி என ஏற்று நூலாக வெளியிட்டது.

அங்கும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. ஆணுறை பற்றிய பேச்சு எழுந்தவுடன் இமாம்கள் பலர் எதிர்த்தனர். அது விபசாரத்திற்கு வழிகோலும் என்றனர். மருத்துவர்கள் அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் நெடுங்காலம் பேசினர். மணவாழ்வில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருப்பின் மற்றவரைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா முன்வைக்கப்பட்டபோது நிலை மாறியது. மணத்திற்கு முன் தூய்மை, மணத்திற்குப் பின் உண்மை என்பவற்றை முதலிடத்தில் நிறுத்தி, உயிர் காக்கும் தேவை நேரும் இடத்தில் ஆணுறையைப் பற்றியும் சொல்லலாம் என உடன்பட்டனர். உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்று கற்ற ஆலிம்களுக்கு இதில் வியப்பில்லை. நம் நாட்டில் இப்பேச்சு மிம்பரில் நிகழவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிறுவரும் முதியவரும் ஒருங்கே அமர்ந்துள்ள சபையில் அது பொருந்தாது. நிக்காஹுக்கு முன் மணமகனைத் தனியே அமர்த்தி அறிவுரை கூறும் இமாம் அதனைக் கூறலாம் அன்றோ?

செனகல் நாட்டில் 1995ஆம் ஆண்டு தலைநகர் டாக்காரில் முஸ்லிம் அறிஞர்கள் இதற்கெனவே கூடி ஆராய்ந்தனர். தாய்லாந்தில் 1997 முதல் பௌத்தத் துறவியர்க்குப் பயிற்சியளிக்கும் 'சங்க மெத்தா' திட்டம் நடைபெற்றது. உகாண்டாவின் ஆங்கிலிக்கப் பாதிரியார் கிதியோன் பியாமுகிஷா தமக்கே இக்கிருமி உள்ளது என்று 1992இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு சமயத் தலைவர் அவ்வாறு சொல்லத் துணிந்தது பெரிதினும் பெரிது.

இனி நம் சொற்பொழிவுகளில் காணப்படும் ஒரு குழப்பத்தைக் குறிப்பிடல் வேண்டும். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர் என்னும் கருத்தமைந்த நபிமொழி பலரும் அறிந்தது. கி.பி. 639இல் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படையோடு வழியிலேயே திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கின்றோம் என்னும் பொருள்பட உமர் அவர்கள் விடை பகர்ந்தார்கள். நோய்த்தடுப்பு இறைநம்பிக்கைக்கு முரணன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயின், இதே சான்றைக் காட்டி எய்ட்ஸ் நோயாளியை ஊரிலிருந்து விலக்கவேண்டும் என்று பேசுவோரும் உளர். அது பொருந்தாத சான்று. காற்றாலும் தெள்ளுப்பூச்சியாலும் பரவும் நோய்க்குச் சொன்ன விதியை, உடலுறவாலும் இரத்தத்தாலும் ஊசியாலும் தாயிடமிருந்து சேய்க்கும் மட்டுமே பரவும் நோய்க்கு எங்ஙனம் பொருத்துவது? ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே ஹவுளில் ஒளுச் செய்வதாலோ, தோளோடு தோள் சேர்ந்து தொழுவதாலோ இக்கிருமி பரவாது. இதனை மருத்துவர் சொல்வதைவிட அந்த நோயாளியின் அருகில் இமாம் சென்று நின்றுவிட்டால் போதும்.

சுன்னத் பற்றியும் ஒரு சொல். ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, விருத்தசேதனம் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைக்கின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல், நோய் மிகுந்த நாடுகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது. நம்மவர் பெருமிதம் கொள்வது இயல்பே. எஞ்சிய 40 விழுக்காட்டை மறந்துவிடுதல் கேடு. மனைவிக்கு இதனால் நேரடிக் காப்பும் இல்லை. பல சிறுவர்க்கு ஒரே கத்தியால் சுன்னத் செய்யும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின் அது உடனே ஒழிக்கப்படவேண்டும்.

ஜமாஅத் பெரியவர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. நிக்காஹுக்கு முன் இரத்தச் சோதனைச் சான்றினைக் கட்டாயமாக்கினால் என்ன? பெண்ணைப் பெற்றோரின் கவலையிலிருந்து பிறக்கும் வினா இது, எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. எனினும் சிலவற்றை எண்ணவேண்டும். தொற்றிய சில வாரங்களுக்குச் சோதனையில் கிருமி புலப்படாமல் போகலாம். நேற்றைய சான்று நாளைய ஒழுக்கத்திற்குப் பொறுப்பேற்காது. எல்லாவற்றினும் மேலாக, அச்சான்று ஜமாஅத் அலுவலகத்தின் மேசையில் கிடந்தால் ஊர் முழுவதும் அதனைப் படித்துவிடும்.

இவ்வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. மருத்துவமனை ஒன்று தம் நோய்நிலையை வெளிப்படுத்தியதால் திருமணம் நின்றுபோன ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1998இல் நீதிமன்றம் மணமகளின் உயிர்க்காப்பே பெரிது என்றது; நோயுற்றவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்படும் என்றும் கூறியது. திருமண உரிமை பற்றிய அக்கூற்று அவ்வழக்கிற்குத் தேவையற்றது என்று 2002இல் நீதிமன்றமே விளக்கியது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் அறிந்த ஒப்புதலின்றிச் சோதனை செய்வதையும், நோய்நிலையை வெளியிடுவதையும், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் வேறுபாடு காட்டுவதையும் அது தடுக்கின்றது. ஆகவே கட்டாயச் சான்று கேட்கும் ஜமாஅத் சட்டத்தோடு மோத நேரும். இரு வீட்டாரும் தாமே விரும்பிச் சோதித்துக்கொள்ளுமாறு ஊக்குவிப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. முடிவும் மறைவாகக் காக்கப்படுகின்றது. 1097 என்னும் எண்ணில் கட்டணமின்றி விளக்கம் பெறலாம். நிக்காஹ் விண்ணப்பத்தோடு இச்செய்தி அச்சிட்ட சிறு தாளொன்றைக் கொடுத்தாலே போதுமானது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றது. மருந்து இன்று உள்ளது. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தினை இலவசமாக வழங்கி வருகின்றது. 1928இல் காசநோய்க்கெனத் தொடங்கப்பெற்ற தாம்பரம் சானடோரியம் எய்ட்ஸ் மருத்துவத்திலும் பெயர் பெற்றது. மருந்தைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி அளவிட இயலாத நிலையை அடைந்து அந்நிலையிலேயே இருப்பவர் உடலுறவால் பிறர்க்கு நோயைப் பரப்புவதில்லை என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான முடிவு. உயிர்க்கொல்லி என்ற பெயர் இனிப் பொருந்தாது. குறைவாக உள்ளவர் நான்காமவரே. அவ்விடத்தில்தான் சமயத் தலைவரை நாம் காண விரும்புகின்றோம்.

நான்காமவர் செய்யவேண்டியவை மிக எளியவை. ரமளான் வந்தால் மருந்துண்போர் சிலர் நோன்பிற்காக மாத்திரையை நிறுத்திவிட நேரும். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்தை வெல்லப் பழகிவிடும். இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரையே தரப்படுவதால், மருத்துவரைக் கேட்டு அதனை இரவில் உண்டு நோன்பையும் நோற்கலாம். உடல் இடந்தராதவர்க்கு மார்க்கமே சலுகை அளித்துள்ளது. தராவீஹ் தொழுகைக்குப் பின் இமாம் இதனை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், யாரையும் சுட்டாமல். தாயத்தும் ஓதிய நீரும் மாத்திரைக்கு ஈடாகா என்பதையும் அவரே சொன்னால்தான் எடுபடும்.

மையித்தைக் குளிப்பாட்டுதல், கஃபனிடல், தொழுதல், அடக்குதல் நான்கும் பர்ளு கிஃபாயா. ஒருவரும் செய்யாவிடின் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். எய்ட்ஸ் நோயால் இறந்தவரைத் தொட அஞ்சிக் குளிப்பாட்ட ஆளின்றிப் போன நிகழ்ச்சிகளை நாம் கேட்டிருக்கின்றோம். உகாண்டாப் பயிற்சியில் இதுவும் இடம்பெற்றது. கையுறை அணிந்து, தம் கையில் காயமிருப்பின் மூடிக்கொண்டு, சிந்திய இரத்தத்தைப் பிளீச்சிங் பவுடர்க் கரைசலால் கழுவினால் போதும். எந்த நோயால் இறந்தார் என்று கேளாமல் எல்லா மையித்துக்கும் இவ்வாறே செய்துவிட்டால் இரகசியமும் காக்கப்படும். சந்தூக்கு வைத்திருக்கும் அறையில் ஒரு பெட்டிக் கையுறை வைக்க ஜமாஅத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது.