கரும்புகை சொல்லும் செய்தி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும் என்பதை யாவரும் அறிவோம். எவ்வளவு காற்று? பெட்ரோலை ஆக்டேன் என்றே வைத்துக் கணக்கிட்டால், 114 கிராம் முழுவதும் எரிய 400 கிராம் ஆக்சிஜன், அதாவது ஏறத்தாழ 1,725 கிராம் காற்று தேவை. ஒன்றுக்குப் பதினைந்து! பெட்ரோல் பல பொருள்களின் கலவையாதலால் 14.7 என்பது வழக்கு.

பெட்ரோலின் பங்கு இதற்கு மேல் மிகுந்தால் 'ரிச் மிக்ஸர்' என்பர் பட்டறைக்காரர்கள். ஒரு மோல் கார்பன், கார்பன் டை ஆக்சைடாக எரிந்தால் 394 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிட்டால் 110 மட்டுமே. மைலேஜ் ஏன் விழுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

என் தந்தையார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், கார் மெக்கானிக். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனால் சைலன்சர் புகை கறுப்பா (பெட்ரோல்), நீலமா (எஞ்சின் ஆயில்) என்று பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார். சென்ற விடுமுறையில் ஒரு பழைய அம்பாசடர் வந்தது. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடிய வண்டி ஆறுதான் ஓடுகிறது என்றார் ஓட்டுநர். வாடகை வண்டி, அவர் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான்.

பிளக்கைக் கழற்றினோம். உலர்ந்த கரி படிந்திருந்தது. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டியும் புகை குறையவில்லை. சோக் தகடு முழுதாகத் திறந்தது. எஞ்சினை நிறுத்திக் கார்பரேட்டர் வாயில் எட்டிப் பார்த்தால், பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது! பித்தளை ப்ளோட்டைக் காதருகே குலுக்கினார் அப்பா. உள்ளே 'களக்' என்றது. ஓட்டை வழியே பெட்ரோல் புகுந்தால் ப்ளோட் அமிழும், ஊசி வால்வு மூடாது, மட்டம் உயரும், ஜெட் வழியே பெட்ரோல் மிகுதியாகப் பாயும். வெந்நீரில் அமிழ்த்தியதும் குமிழி வந்த இடமே ஓட்டை. உள்ளிருக்கும் பெட்ரோலை முற்றிலும் வெளியேற்றாமல் சூடு காட்டினால் ப்ளோட் வெடிக்கும்; இதில் அவசரம் கூடாது.

ஈயம் வைத்தது நான். தாராளமாகவே வைத்தேன். மாட்டி ஓட்டினால், மறுபடியும் கரும்புகை! "கனத்தை ஏத்திட்டியேடா, அது எப்படி மிதக்கும்?" என்றார் அப்பா. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வெட்கமாக இருந்தது. ஈயத்தை அரத்தால் தேய்த்துக் குறைத்தோம்.

சோதனைக்கு எஞ்சினை ஓடவிட்டபோது மழை வந்தது. சாரலுக்காக அப்பா ஷட்டரை இறக்கினார். ஓடிப்போய் ஏற்றினேன். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அதற்கு மணமும் இல்லை. "அதனாலதான் மழைக்காலத்துல தலைவலிக்குதா?" என்று கேட்டார். எத்தனை மழைக்காலம் என்று நான் கேட்கவில்லை.

இன்றைய கார்களில் கார்பரேட்டர் இல்லை. சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் பழுதாகி, எப்போதும் குளிர்ந்திருப்பதாகச் சொன்னால், கணினி அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றும். கருவி வேறு, நோய் ஒன்றே.

ஓட்டுநர் மறுவாரம் வந்தார். ஒன்பதரை ஓடுகிறதாம்.