முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே

வில்லியனூர், பாகூர் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்களில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். இரண்டாவது பிரசவத்தோடு பண்ணிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதற்கு வீட்டில் யாரும் குறுக்கே நிற்பதில்லை. பெண்கள் தவித்துப்போவதெல்லாம் முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். பாகூர் மருமகளுக்குத் தாய்வீடு பெரும்பாலும் கடலூர்ப் பக்கம், வில்லியனூர்க்காரிக்கு விழுப்புரம் பக்கம். வளைகாப்பு முடிந்து போனால் குழந்தைக்கு மூன்று மாதம், ஐந்து மாதம் ஆனபிறகே திரும்புவாள். ‘புதுச்சேரிக்குப் போகப்போகிறவள்தானே’ என்று அந்த ஊர் நர்ஸும், ‘இன்னும் வந்து சேரவில்லையே’ என்று நானும் இருந்துவிட்டால் கருத்தடை பற்றி முடிவெடுக்க வேண்டிய காலம் கைநழுவிப் போகும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம். விட்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் ஏழாம் மாதச் செக்கப்பிலேயே பேசி, அவள் விருப்பத்தைக் கர்ப்பகால அட்டையில் எழுதி, “எந்த ஆஸ்பத்திரியில பெத்தாலும் இதைக் காட்டும்மா” என்று சொல்லி அனுப்புவேன். கர்ப்பிணிகளே, நர்ஸ் கேட்காவிட்டாலும் நீங்களாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியார் பக்கத்தில் இருந்தால் எந்த மருமகளும் வாய் திறக்க மாட்டாள். எடை பார்க்க வேண்டுமென்று உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பேன். ஒருத்தி மெல்ல, “மாத்திரைப் பட்டையை எங்கக்கா ஒளிச்சு வைப்பேன்? இருக்கறது ஒரு பீரோ, சாவி அத்தைகிட்ட” என்றாள். அவளுக்குப் பொருந்தியது அந்தரா என்ற கருத்தடை ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், வீட்டில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊசியில் தீட்டு முன்பின்னாக வரும், நின்றும் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சு’ என்று பயந்து அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் தீட்டு வராதவரை கரு நிற்காது என்று நம்பி மறுபடி உண்டானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பால் கொடுப்பவர்கள் முதல் ஆறு மாதம் மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது, சாயா மாத்திரை சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. காலண்டரில் சுழித்து வைத்தால் கிழமை தவறாது.

நடவுக்கோ சேதராப்பட்டு கம்பெனி ஷிப்டுக்கோ போகிறவள் காலை ஓ.பி.யில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. குழந்தைக்கு 6, 10, 14 வாரத்தில் தடுப்பூசி உண்டு. ஆறாவது வார ஊசிக்கு வரும்போதே அந்தராவையோ காப்பர் டியையோ முடித்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைக்கு ஊசி என்றால் எந்த மாமியாரும் தடுப்பதில்லை.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், ஆண்களுக்கான ஆபரேஷன் 0.3 சதவீதம்தான். தையலே இல்லாத அந்தச் சிகிச்சைக்குப் போனவர் அன்றே வீடு திரும்பலாம். இத்தனை சுமையையும் பெண் தலையில் ஏற்றிவிட்டு, காப்பர் டிக்கு ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. பெண் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கே அரசு வழிகாட்டுதலில் கணவர் சம்மதம் கேட்கப்படவில்லை. யாராவது கேட்டால், அந்த விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.