டிரம் கழலவில்லையா?

குழுக் கடனில் வாங்கிய பழைய வேனின் பின்சக்கர பிரேக் டிரம் இறுகிவிட்டால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீங்க. வார்ப்பிரும்பு விரிசல் விடும். நாங்களே அப்படி ஒன்றை உடைத்திருக்கிறோம்!

முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். இதைத்தான் பலரும் மறந்துடுறோம். அடுத்து அட்ஜஸ்டரைத் தளர்த்துங்க. தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் மேடு கட்டி, பிரேக் ஷூ அதில் மாட்டிக்கும். நடுவில் துரு பிடித்த இடத்தில் மட்டும் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். டிரம்மின் முகத்தில் இரண்டு மரை ஓட்டைகள் இருந்தால், சரியான போல்ட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்க. டிரம் நகர்ந்து வரும்.

உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி வையுங்கள்; வீட்டுத் துணியோடு துவைக்காதீங்க.