பிறர் வாழ்க்கையை எழுத வரும் கோடம்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு

சினிமாக்காரர்களின் கதையைத் தொடராகவோ புத்தகமாகவோ எழுத ஆசைப்படும் தம்பி, தங்கைகள் ஆர்க்காடு சாலை நெடுக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில.

1. அட்வான்ஸ் வாங்குமுன் எழுதப்போவது வாழ்க்கை வரலாறா, தன்வரலாறா, அனுபவத் தொடரா, பாராட்டு மலரா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். மலர் எழுதுவது பாவமில்லை. மணிவிழாவுக்கு அதுவும் வேண்டும். மலரை எழுதிவிட்டு அட்டையில் 'வரலாறு' என்று போடுவதுதான் நம் பேட்டையின் பழைய வியாதி.

2. சொல்லக் கேட்டு எழுதும்போது உங்கள் நடையைக் கழற்றி வைத்துவிடுங்கள். சிவாஜியின் சுயசரிதை டி.எஸ். நாராயணசுவாமியிடம் அவர் சொன்னது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். அடிக்கச் சொன்ன வரிகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

3. முக்கியமானதைக் கடைசிக்கு என்று ஒதுக்காதீர்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கியது. 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றது. அதே இதழில் 1970இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய 'நான் ஏன் பிறந்தேன்?' தொடரும் முற்றுப்பெறவில்லை.

4. தன்வரலாற்றில் 'நான்' கட்டாயமில்லை. கண்ணதாசன் 'வனவாச'த்தில் தன்னை 'அவன்' என்றே எழுதினார். அப்படி எட்ட நின்றதால் தன் சறுக்கல்களைக் கூசாமல் சொல்ல முடிந்தது. பெருமையைச் சொல்ல மட்டும் 'அவன்' போடுகிறவர்கள் அவரைக் காப்பியடிக்க வேண்டாம்.

5. ஒரே வாழ்க்கை எத்தனை வடிவம் எடுக்கும் என்று பார்க்க வ.உ.சி.யிடம் போங்கள். தன் கதையை அவரே அகவலில் எழுதினார். அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1946இல்தான் அது நூலாயிற்று. ம.பொ.சி. 'கப்பலோட்டிய தமிழன்' என்று வரலாறு எழுதினார். அதே பெயரில் 1961இல் பந்துலு படம் எடுத்தார், சிவாஜி நடித்தார். இன்று ஜனங்களுக்கு வ.உ.சி. என்றால் சிவாஜி முகம்தான் ஞாபகம் வருகிறது. அது படத்தின் வெற்றி. ஆனால் படத்தில் பார்த்த காட்சியைச் சான்றாக எடுத்துக்கொண்டு புத்தகம் எழுத உட்காராதீர்கள். திரைக்கதைக்கு உள்ள சலுகை உங்களுக்குக் கிடையாது. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்து, பார்த்து, எது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று குறித்து வாருங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

6. பழைய நடிகர் யாராவது சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யைப் படித்துவிட்டு அடுத்த கேள்வி கேளுங்கள்.

7. எல்லோருடைய ஞாபகத்திலும் அவரவர் படம் நூறு நாள் ஓடியிருக்கும். பிலிம் நியூஸ் ஆனந்தனின் திரைப்பட வரலாற்று நூலைப் புரட்டுங்கள்; தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய்ப் பழைய இதழ்களைப் பாருங்கள். ஞாபகமும் அச்சும் மோதினால் இரண்டையும் எழுதுங்கள். நினைவுக் குறிப்பில் பிசகு இருக்கலாம், வரலாற்றில் இருக்கக் கூடாது.

8. பெயர் சொல்ல முடியாத விஷயமா? நாவலாக எழுதுங்கள். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் 'கரைந்த நிழல்கள்' எழுதினார். சினிமாப் பிழைப்பை அதற்கு மேல் எந்தச் சுயசரிதையும் சொல்லவில்லை என்பேன். நிஜப் பெயர் இல்லாமலே மணிரத்னம் 'இருவர்' எடுத்தார். கிசுகிசு என்பது இவற்றில் எந்த வகையிலும் சேராது.

9. புத்தகம் எந்த வகை என்பதை அட்டையிலேயே அச்சிடச் சொல்லுங்கள். பதிப்பாளர் விற்காது என்று மறுத்தால் முன்னுரையின் முதல் பத்தியிலாவது எழுதிவிடுங்கள்.