பாய்மரப் படகின் எஞ்சினில் ஆடலோட்டப் பிறப்பாக்கியின் மின்சுற்று

பாய்மரப் படகு காற்றினால் செல்வது. எனினும் துறைமுகத்தினுள் நுழையவும் காற்று ஓய்ந்தவேளை செல்லவும் இவற்றுட் பலவற்றில் சிறிய டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினின் பட்டியினால் சுழற்றப்படும் ஆடலோட்டப் பிறப்பாக்கியே (வழக்கில் அல்ரனேற்றர்) பற்றரியை மின்னேற்றுகின்றது. மின்காந்தத் தூண்டல், இருவாயி, ஓமின் விதி ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே பயன்படுவதைக் கவனிக்க.

சுழலும் புலச்சுருளுக்குக் காபன் தூரிகைகளினூடாகச் சிறிய நேரோட்டம் வழங்கப்படும். அது மின்காந்தமாகிச் சுழலும்போது நிலையான சுருள்களில் ஆடலோட்டம் தூண்டப்படும். ஆடலோட்டத்தால் பற்றரியை மின்னேற்ற முடியாது. ஆகவே இருவாயிகள் அதனை நேரோட்டமாகச் சீராக்குகின்றன. ஒழுங்காக்கி புலச்சுருளின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து, வெளியீட்டை ஏறத்தாழ 14 வோல்ற்றில் பேணும்.

தடித்த கம்பி பற்றரியின் நேர் முடிவிடத்துக்குச் செல்லும். மெல்லிய கம்பி எச்சரிக்கை மின்குமிழுக்குச் செல்லும். மாணவர் பெரிதும் தவறவிடுவது இம்மெல்லிய கம்பியையே. திறப்பைத் திருப்பியதும் பற்றரியிலிருந்து மின்குமிழினூடாகப் புலச்சுருளுக்கு ஓட்டம் பாயும், மின்குமிழ் ஒளிரும். காந்தப்புலம் முதலில் உண்டாவது இச்சிறு ஓட்டத்தினாலாகும். எஞ்சின் இயங்கிய பின் மின்குமிழின் இரு முனைகளும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தை அடைவதால் அது அணைகின்றது. "சுற்று துண்டிக்கப்படுவதால் அணைகிறது" என எழுதுவது பிழை. இவ்வமைப்பில் மின்குமிழ் எரிந்துபோயிருப்பின் அல்ரனேற்றர் மின்னைப் பிறப்பிக்கத் தொடங்காமலே விடலாம். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகையால் எஞ்சின் வழமைபோல் ஓடிக்கொண்டேயிருக்கும். பற்றரி வெறுமையானது மறுமுறை எஞ்சினைத் தொடக்கும்போதே தெரியவரும். நடுக்கடலில் வழிகாட்டும் விளக்குகளும் வானொலித் தொடர்புக் கருவியும் அப்பற்றரியையே நம்பியிருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி ஆளியைத் திறந்து பற்றரியைத் துண்டித்தல் கூடாது. பெரிய ஓட்டம் திடீரெனத் தடைப்பட, சுருள்களின் காந்தப்புலம் சடுதியாக மாறி உயர் மின்னியக்கவிசை தூண்டப்படும். அதனைத் தாங்காது இருவாயிகள் பழுதடையலாம்.

மாதிரி வினா: அல்ரனேற்றர் ஒன்று 14.2 வோல்ற்றில் 40 அம்பியர் ஓட்டத்தை வழங்குகின்றது. பற்றரிக்குச் சென்று மீளும் கம்பிகளின் மொத்தத் தடை 0.02 ஓம். பற்றரிக்குக் கிடைக்கும் அழுத்த வேறுபாடு யாது?

விடை: கம்பிகளில் அழுத்த வீழ்ச்சி = ஓட்டம் × தடை = 40 × 0.02 = 0.8 வோல்ற்று. பற்றரிக்குக் கிடைப்பது 14.2 − 0.8 = 13.4 வோல்ற்று. கம்பிகளில் வெப்பமாக இழக்கப்படும் வலு 40 × 0.8 = 32 உவாற்று.

12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரியை விரைவாக முழுமையாக மின்னேற்ற 13.4 வோல்ற்று போதாது. அதே நீளமும் இருமடங்கு குறுக்குவெட்டுப் பரப்பும் கொண்ட செப்புக் கம்பிகளைப் பயன்படுத்தின் தடை 0.01 ஓம் ஆகும். அதே ஓட்டத்துக்கு வீழ்ச்சி 0.4 வோல்ற்று மட்டுமே.